பணத்துக்குப் பயந்த பட்டாளம்

துபாய்க்கு வந்து பணத்தைக் கண்டு பயந்து ஓடிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்கமுடியும். அவர் அல் குசைஸில் எங்கள் கட்டிடத்துக்கு வாட்ச்மேனாக இருந்தார். சொந்தப் பெயர் ஏதோ இருந்திருக்கும். எங்களுக்கு அவர் ‘பட்டாளம்’.

வேலூர்ப் பக்கத்து ஆள். இளவயதில் ராணுவத்தில் இருந்தவர். பென்ஷனுக்கு வேண்டிய சர்வீஸ் முடிவதற்குள் மனைவிக்கு உடம்பு முடியாமல் போக, வேலையை உதறிவிட்டு ஊருக்கு ஓடினார். மனைவியும் பிழைக்கவில்லை, பென்ஷனும் இல்லாமல் போயிற்று. பிள்ளை குட்டி கிடையாது. பிற்பாடு துபாய்க்கு வந்து, எங்கள் மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையில் குடியேறி, குப்பை வண்டிக்குக்கூட அட்டென்ஷனில் நின்று வழிவிட்டுக்கொண்டிருந்தார்.

அவரைப் போன்ற பழைய சிப்பாய்களுக்கு வயதான காலத்தில் வேறு வருமானம் இல்லையென்றால் ஒரு சின்ன உதவித்தொகை உண்டு என்று ஊர்க்காரர் யாரோ அவர் காதில் போட்டிருந்தார். அதில் ‘வேறு வருமானம் இல்லையென்றால்’ என்பதை மட்டும் மனிதர் உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டார். அந்த வயது வர இன்னும் பல வருஷம் இருந்தது. ஏழையாக இருப்பதற்கான பயிற்சியை அவர் அப்போதே ஆரம்பித்துவிட்டார்.

ஒருநாள் கட்டிட முதலாளியான அரபி, தானாகவே சம்பளத்தைக் கூட்டித் தருவதாகச் சொன்னார். பட்டாளம் “மாஃபி அர்பாப், மாஃபி”, அதாவது ‘வேண்டாம் முதலாளி, வேண்டாம்’ என்று இரண்டு கையையும் ஆட்டினார். பக்கத்துக் கட்டிடத்துக்காரன் இவரைக் கொத்திக்கொண்டு போகப் பார்க்கிறான் என்று முதலாளிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் கூட்டினார். பட்டாளம் அலறியடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். நான் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். ஆகவே கட்டிடத்தின் நிதி அமைச்சர் நான்தான்.

“வேணாம் வேணாம்னு சொல்லச்சொல்ல ஏறிக்கினே போவுது சார். இன்னா பண்றது?”

“வாங்கிக்குங்க. இப்ப வாங்கற சம்பளத்தை அப்ப யாரும் கேக்கமாட்டாங்க.”

அவர் வாங்கிக்கொண்டார், லஞ்சம் வாங்குகிறவரின் முகத்தோடு.

மூன்றாவது மாடியில் காயல்பட்டினத்து வியாபாரி ஒருவர் இருந்தார். பெருநாளன்று அவர் ஒரு கவரை நீட்ட, பட்டாளம் பின்வாங்கினார்.

“வருமானம் ஆயிடும் பாய்.”

“பெருநாள் காசை வேணாங்கிற ஆளை இன்னைக்குத்தான் பாக்குறேன். பிடிங்க!”

“பிரியாணி இருந்தா குடுங்க பாய். அத்த பேங்குல போட முடியாது.”

இதற்கெல்லாம் சிகரம் சூப்பர்மார்க்கெட் குலுக்கல். முதல் பரிசு கார். என் மனைவி விளையாட்டாக அவர் பெயரில் ஒரு கூப்பனைப் போட்டுவிட்டு அவரிடமே சொல்லியும் விட்டாள். “ஏம்மா, நான் உங்களுக்கு இன்னா கெடுதி பண்ணேன்?” என்று கேட்டார் அவர். குலுக்கல் முடியும்வரை சாப்பாடு சரியாக இறங்கவில்லை. கார் வேறு யாருக்கோ விழுந்தது என்று தெரிந்ததும் வீடு வீடாக லட்டு கொடுத்தார்.

கடைசியில் அந்த வயதும் வந்தது. இனி விசா புதுப்பிக்க முடியாது என்று முதலாளியின் ஆபீஸ் சொல்லிவிட்டது. கூடவே இத்தனை வருஷ வேலைக்கான செட்டில்மென்ட் மொத்தமாக வரும் என்றும் சொன்னது. பட்டாளம் என் எதிரில் வந்து நின்றார்.

“அத்த பேங்குல போட்டா வட்டி வருமா சார்?”

“வரும்.”

“வட்டி வருமானமா?”

“ஆமா.”

“அப்ப செட்டில்மென்ட்டே வேணாம்னு எழுதிக் குடுத்துட்றேன்.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “உங்களுக்குப் பைத்தியமா? அந்த உதவித்தொகையைவிட வட்டி அதிகமா வரும்யா!”

பட்டாளம் மெதுவாகக் கேட்டார்.

“வட்டி வந்து கதவத் தட்டுமா சார்?”

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். பக்கத்து ஊரில் அவருடைய பழைய சிநேகிதர் ஒருவர் அந்த உதவித்தொகையை வாங்குகிறார். வருஷத்துக்கு ஒரு தரம் ஆபீசிலிருந்து ஓர் ஆள் ஸ்கூட்டரில் வருவார். பெயர் சொல்லிக் கூப்பிடுவார், உட்கார்ந்து டீ குடிப்பார், கால்வலி எப்படி இருக்கிறது என்று கேட்பார்.

“உசுரோட கீறானான்னு பாத்துட்டுப் போறதுக்கு ஒரு ஆளு சார். எனக்கு யாரு கீறாங்கோ?”

இத்தனை வருஷமும் காசுக்காக ஒரு கிறுக்கன் படும் பாடு என்றே சிரித்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் வரவில்லை, பார்க்கிங்கில் யாரோ வண்டியை நிறுத்திவிட்டான் என்று கட்டிடமே அவரைக் கூப்பிடும். அவருடைய அறைக்குச் சும்மா போய் உட்கார்ந்தவர் எங்களில் ஒருவருமில்லை.

திட்டியும் கெஞ்சியும் செட்டில்மென்ட்டை வாங்கவைத்து ஊருக்கு அனுப்பினோம். கொஞ்ச நாளில் போன் வந்தது.

“சார், வந்தாங்கோ சார்!”

“உதவித்தொகை கெடச்சுதா?”

“இல்ல. நானே பாஸ்புக்க எடுத்துக் காட்டினேன். வட்டி வருதே, உங்களுக்குக் கெடையாதுன்னுட்டாரு. ஆனா ரெண்டு டீ குடிச்சாரு சார்! அடுத்த வருசமும் அப்ளிகேசன் போடுவேன். வந்து பாத்துட்டுத்தானே இல்லைன்னு சொல்லணும்?”

சொன்னபடியே போட்டார். மறுவருஷமும் ஆள் வந்து, டீ குடித்துவிட்டு, இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். உலகத்தில் இத்தனை சந்தோஷமாக நிராகரிக்கப்பட்டவர் வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.

இந்த வருஷம் பேசியபோது குரல் இறங்கியிருந்தது.

“போன்லயே இல்லைன்ட்டாங்கோ சார். ஆளு வர்ல. இனிமே போட்டு இன்னா பண்றது?”

போன மாதம் லீவில் ஊருக்குப் போனவன், அவரிடம் சொல்லாமல் வேலூருக்கு பஸ் ஏறினேன். வழி விசாரித்துப் போய்க் கதவைத் தட்டினேன். பனியனோடு கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடி, சட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

“நான் அப்ளிகேசனே போடலியே சார், எப்பிடி வந்தீங்கோ?”

“சும்மாதான். பாக்கணும் போல இருந்துச்சு” என்றேன். உண்மைதான். அவர் போனபிறகு ஆபீஸ் விட்டு அந்தக் கட்டிடத்துக்குள் நுழையும்போதெல்லாம் எனக்கு அப்படித்தான் இருக்கிறது.