மவுஸைத் தொடாத கறுப்புத்திரை அக்கா

யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே கணினி மவுஸைச் சென்மப் பகையாக நினைத்த ஒரே மனிதப்பிறவி எங்கள் கறுப்புத்திரை அக்காதான்.

நகரத்தில் ஒரு தனியார் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் நான் வரவேற்பில் இருந்தேன். அங்கிருந்த கணினிகள் எல்லாம் அவர் பொறுப்பு. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் கட்டளை தட்டியே எல்லாவற்றையும் திருத்துவார். சொந்தப் பெயர் சம்பளப் பிரிவுக்கு மட்டும்தான் தெரியும்.

"அக்கா, பிரிண்டர் அடிக்குதில்லை" என்றால் எழும்பி வரமாட்டார். இருந்த இடத்திலிருந்தே ஒரு வரி தட்டுவார். என் பக்கத்துப் பிரிண்டர் திடுக்கிட்டு விழித்து, நான் பதற்றத்தில் திரும்பத் திரும்ப அனுப்பிய ஒரே பக்கத்தை ஒரு கட்டாகத் துப்பும்.

"ஒருக்கா அமத்தினால் காணும் பிள்ளை. அது செவிடில்லை!"

ஒருநாள் மருதனார்மடத்துப் பஸ்ஸில் வரும்போது, இறுகிப்போன ஒரு புரோகிராமை நிறுத்துவதற்கு எனக்குத் தொலைபேசியில் வழி சொன்னார். "யோசியாதை, கொல்லு! திரும்ப எழும்பினால் திரும்பக் கொல்லு!" பக்கத்தில் இருந்த ஐயா தன் தரிப்பிடத்துக்கு முந்தியே இறங்கி நடந்துவிட்டாராம்.

ஒரு காலை சேர்வர் படுத்துவிட்டது. பரிசோதனை முடிவுகள் எல்லாம் அதற்குள். மண்டபம் நிறையச் சனம். ஒரு தாய் என் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "மகளை ஒப்பிரேசனுக்கு ஆயத்தப்படுத்திப்போட்டினம் தங்கச்சி. றிப்போட் இல்லாமல் உள்ளுக்கு எடுக்கமாட்டினமாம்."

முகாமையாளர் பொறுமை இழந்தார். "எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுப் புதுசாப் போடுவம்."

அக்கா கதிரையை இழுத்துப்போட்டு சேர்வருக்கு முன்னால் குந்தினார். "முதல் என்னைத் தூக்கி வெளியில வையுங்கோ. பேந்து அழியுங்கோ."

டிஸ்க்கில் எழுத இடமே மிச்சமில்லை. அதை அடைத்தது எது என்று ஒவ்வொன்றாகத் தேடினார். சேர்வர் தான் செய்வதையெல்லாம் எழுதித் தள்ளும் ஒரு கோப்பு, வீங்கி டிஸ்க் முழுவதையும் பிடித்திருந்தது. அழித்தார். அப்படியும் ஓர் இம்மி இடம் வரவில்லை.

அக்காவின் நெற்றியில் வியர்வை. அவர் தடுமாறி நான் பார்த்தது அன்றுதான். "அழிச்சனான்தானே... ஏன் விடுறாயில்லை?" என்று திரையோடு சண்டை பிடித்தார். திடீரென்று மேசையில் ஓங்கி அடித்தார்.

"கோப்பை அழிச்சாலும், அதில எழுதிக்கொண்டிருந்த புரோகிராம் இன்னும் பிடியை விடேல்லை! அதை நிப்பாட்டி எழுப்பவேணும்."

ஒரே வரி. டிஸ்க் காலியானது. பிரிண்டர்கள் எல்லாம் ஒன்றாக இரைந்தன.

அந்த மகளின் றிப்போட்டை அக்கா என் கையிலிருந்து பறித்தார். தாயைக் கைபிடித்து ஓட்டோவில் ஏற்றி, தானும் ஏறிக்கொண்டார்.

பின்னேரம்தான் திரும்பி வந்தார். கண் சிவந்திருந்தது.

"ஒப்பிரேசன் முடிஞ்சு பிள்ளை முழிச்சிட்டாள்" என்றார். உடனேயே என் பக்கம் திரும்பி, "என்ன பாக்கிறாய்? பிரிண்டருக்குப் பேப்பர் போடு!"

இப்போது வேறு அலுவலகத்தில் இருக்கிறேன். நல்ல மனிதர்கள். ஒருவரும் என்னை ஏசுவதில்லை. அது ஒன்றுதான் குறை.