தோல் சுற்றிய ஒயர்

தோல் ஊரில் பிறந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. உலகத்தில் எது பழுதானாலும் அதில் ஒரு துண்டுத் தோலை வைத்துச் சரிசெய்துவிடலாம் என்று நினைப்போம். ஆம்பூரில் எங்கள் வீட்டுக் கதவு கிறீச்சிட்டால் கீலுக்கு அடியில் தோல். குழாய் ஒழுகினால் தோல். மேஜைக்கால் ஆடினால் அதற்கும் தோல்தான். வியாதி எல்லோருக்கும் இருந்தாலும், முற்றிப்போனது எனக்கு மட்டும்.

அப்போது நான் தோல் பதனிடும் டேனரியில் மேஸ்திரியாக இருந்தேன். முதலாளியின் பழைய இங்கிலீஷ் காரைத் துடைப்பதும், அவர் கூப்பிட்டால் ஓட்டுவதும் நானே கேட்டு வாங்கிக்கொண்ட கூடுதல் வேலைகள். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்திப் பாடம் நடத்துவேன். "பேட்டரியில இருக்கிறது சொற்பக் கரண்ட். காயில்னு ஒண்ணு இருக்கே, இது அதை ஆயிரக்கணக்கான வோல்ட்டா ஏத்திடும். நடு ஒயர் வழியா இந்த மூடிக்குள்ள வரும். உள்ளே ரோட்டர்னு ஒண்ணு சுத்துது பாரு, அது நாலு பிளக்குக்கும் முறைபோட்டுப் பங்கு வெக்கும். பிளக் நுனியில பொறி விழும், பெட்ரோல் பத்தும், வண்டி ஓடும்." (பாடம் சரிதான். வாத்தியார்தான் சரியில்லை.)

என் தங்கை எஸ்தருக்கு வேலூரில் நர்ஸ் படிப்புக்கு நேர்முகத் தேர்வு வந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் பெண் அவள். சின்ன வயதிலிருந்தே நர்ஸ் ஆவதைத் தவிர வேறு எதையும் அவள் ஆசைப்பட்டதில்லை. தெருவில் எந்தக் குழந்தை இருமினாலும் ஓடிப்போய் அதன் முதுகில் காதை வைத்துக் கேட்பாள். "இன்னாடி கேக்குது?" என்று அம்மா அதட்டினால், "உள்ள கொர்ருன்னுதும்மா" என்பாள்.

அப்பா அவளைக் காலை பஸ்ஸில் அனுப்புவதாக இருந்தார். நான் குறுக்கே விழுந்தேன். கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை பஸ்ஸில் கசங்கிப்போகும், காரில் போய் இறங்கினால்தான் மரியாதை என்று வாதாடி, முதலாளியிடம் போய் நின்றேன்.

"எஸ்தருக்குன்னா தாராளமா எடுத்துட்டுப் போப்பா. ஆனா ஒயரைப் பாத்துக்கோ," என்றார் அவர்.

பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். மூடியைக் கழற்றி உள்ளே கீறல் உண்டா, கரிக்கோடு ஓடியிருக்கிறதா என்று சோதித்தேன்; இல்லை. பிளக்குகளைத் தேய்த்து மாட்டினேன். காயிலிலிருந்து வரும் நடு ஒயர் மட்டும் ரப்பர் காய்ந்து, வெடித்திருந்தது. புது ஒயர் வாங்க வேலூருக்குத்தான் போகவேண்டும். மேலே கறுப்பு டேப்பைச் சுற்றியிருந்தால் அன்றைக்கு மட்டும் சமாளித்திருக்கலாம்.

ஆனால் என் வியாதி தலைதூக்கியது. மரம், ரப்பர், தோல் இவற்றில் கரண்ட் ஓடாது என்று எங்கோ கேட்டிருந்தேன். தோலுக்கா நம்ம ஊரில் பஞ்சம்? வெடித்த ரப்பரைக் கத்தியால் சீவி எறிந்துவிட்டு, வெறும் கம்பியின் மேல் மெல்லிய ஆட்டுத்தோல் வாரை நெருக்கமாகச் சுற்றி நூலால் தைத்தேன். தொங்கினால் அசிங்கமாக இருக்குமே என்று என்ஜினோடு சேர்த்து அழகாக ஒரு கட்டும் கட்டினேன். நல்ல வெயிலில் டேனரியைச் சுற்றி ஓட்டிப் பார்த்தேன். பூப்போல ஓடியது. அன்றிரவு நான் தூங்கிய தூக்கத்தை நினைத்தால் இப்போதும் என்னை அறைய வேண்டும்போல இருக்கிறது.

காலையில் கிளம்பும்போதே தூறல். மாதனூரைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. வண்டி இருமியது, விக்கியது, பள்ளிகொண்டாவுக்கு முன்னால் ஒரு புளியமரத்தடியில் நின்றேவிட்டது.

"பெட்ரோல்ல தண்ணி," என்றேன் கம்பீரமாக. மழை கொஞ்சம் விட்டதும் இறங்கிப்போய், பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, முன்னால் என்ஜினைச் சுழற்றும் இரும்புக் கைப்பிடியை மாட்டிச் சுற்றினேன். என்ஜின் பிடிக்கவில்லை. எஸ்தரும் இறங்கி வந்து, நான் சுற்றச் சுற்ற, பானெட்டுக்குள் காதைக் கொடுத்தாள்.

"அண்ணா, டிக் டிக்குனு கேக்குது. அந்தத் தோல்லேருந்துதான் வருது."

"தோல் எங்கயாவது பேசுமா? நீ உள்ள போய்க் குந்து."

அவள் போகவில்லை. சீட்டில் விரித்திருந்த கம்பளியை எடுத்து வந்து, வெளிச்சம் படாதபடி தன் தலையையும் என்ஜினையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டாள். "இப்ப சுத்துண்ணா," என்றாள். சுற்றினேன்.

"தோல்மேல நீலமா ஓடுதுண்ணா! நீ கட்டுன கட்டு வழியா என்ஜினுக்குப் போவுது!"

பொறி கசிவதைக் கண்டுபிடிக்க அதைவிடச் சரியான சோதனை இல்லை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அப்போது எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "தோல்ல கரண்ட் ஓடாது. நான் புடிச்சுக் காட்டுறேன், நீ சுத்து," என்று தோலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வெள்ளைப் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு எஸ்தர் கைப்பிடியைச் சுற்றினாள்.

அடுத்து எனக்குத் தெரிந்தது வானம். சேற்றில் மல்லாந்து கிடந்தேன். உப்பிலும் மருந்திலும் ஊறிய தோல், ஈரம் பட்டால் கரண்ட்டுக்குப் பாதை போட்டுக்கொடுக்கும் என்ற உண்மை முழங்கை வழியாக உள்ளே வந்து சேர்ந்திருந்தது. எஸ்தர் ஓடிவந்து என் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். "பயப்படாதண்ணா, ஒழுங்காத்தான் அடிக்குது," என்றாள். அதற்குப் பிறகுதான் அவள் தன் புடவையைப் பார்த்தாள். முன்பக்கம் முழுக்கக் கறுப்பு ஆயில்.

"அந்த ரப்பர் இருந்தா திரும்பச் சுத்திக்கலாமேண்ணா?"

"தூக்கிப் போட்டுட்டேன்."

அவள் ரோட்டோரம் போய் நின்று கையைக் காட்டினாள். வந்த பஸ் நிறைமாதக் கர்ப்பிணியாக நிற்காமல் போனது. கடைசியில் நின்றது, ராணிப்பேட்டைக்கு உப்புத்தோல் ஏற்றிப்போகும் லாரி. "ஏறும்மா, வேலூர்ல எறக்கி வுட்டுடறேன்," என்றார் டிரைவர். முதலாளியின் காரை விட்டுவிட்டு நான் போக முடியாது. ஆயில் புடவையோடு, பச்சைத்தோல் நாற்றத்தில், என் தங்கை தனியாகப் போனாள். லாரி வளைவில் மறையும்வரை நான் கையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

சாயங்காலம் திரும்பி வந்தாள். "நான் போறதுக்கு முன்னாடியே பேரைக் கூப்பிட்டுப் பாத்துட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாங்களாம். அடுத்த வருஷம் வான்னாங்க," என்றாள்.

அப்பா நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டார். "கர்த்தருக்குச் சித்தமில்ல."

அடுப்பங்கரையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "கர்த்தரா தோலைச் சுத்துனாரு?"

அந்தத் துக்கத்திலும் வீடே சிரித்துவிட்டது. எஸ்தரும் சிரித்தாள். அதற்குள் இருமல் வந்ததுபோல முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

அந்த அடுத்த வருஷம் வரவேயில்லை. அதற்கு முன்பே ஆலங்காயத்திலிருந்து ஒரு வாத்தியார் மாப்பிள்ளை வந்தார். நல்ல மனுஷன், குறை சொல்வதற்கில்லை. ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு வேலூர் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அம்மாவின் கேள்வி மட்டும் வீட்டில் நிலைத்துவிட்டது. பரீட்சையில் தேறாத பையன் விதி என்று முனகினாலும், சோறு குழைந்துபோய் மருமகள் அரிசியைக் குறை சொன்னாலும், யாராவது ஒருவர் உடனே ஆரம்பித்துவிடுவார்: "அரிசியா தோலைச் சுத்துச்சு?" நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். எஸ்தரும் சிரிப்பாள்; ஆனால் அவள் வாயால் மட்டும் அதைச் சொன்னதே இல்லை.

போன மழைக்காலத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. ஆலங்காயத்திலிருந்து எஸ்தர் வந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, என் முதுகில் காதை வைத்தாள். "இடது பக்கம் அடியில சளி ஜாஸ்தியா இருக்குண்ணா. இன்னிக்கே காட்டிடு," என்றாள். டாக்டர் குழாயை வைத்துப் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார், அதையேதான் சொன்னார்.

ஆஸ்பத்திரி கட்டிலில் எனக்குத் தாங்கவில்லை. "நீ நர்ஸா ஆயிருக்க வேண்டியவ எஸ்தரு. இன்னா பண்றது, எல்லாம் தலையெழுத்து," என்றேன்.

என் போர்வையை இழுத்துச் சரிசெய்துகொண்டே, அவள் மெதுவாகக் கேட்டாள்.

"தலையெழுத்தா தோலைச் சுத்துச்சுண்ணா?"

கேட்டுவிட்டுச் சிரித்தாள். எனக்குத்தான் அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.