தோப்புக்குள் தண்ணீர், தண்ணீருக்குள் நான்

சதுரங்கப்பட்டினத்து ஒல்லாந்தர் கிடங்கில் கணக்கெழுதும் என் மாப்பிள்ளை சிரஞ்சீவி மூர்த்திக்கு, பழவேற்காட்டிலிருந்து மாமனார் லோகநாதன் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். உங்கள் சுகத்தையும் மகள் பச்சையம்மாவின் சுகத்தையும் அறிய ஆவல். சுகம் என்று எழுதியது முழுக்கச் சரியா என்று தெரியவில்லை. முழங்காலுக்குக் கீழே எனக்கு எந்நேரமும் ஈரம்.

ஏரிக்கரையில் இருந்த நம் தென்னந்தோப்பை அப்துல் ஷுக்கூர் மரைக்காயருக்கு விற்றது உங்களுக்குத் தெரியும். பத்திரத்தை நானே எழுதினேன். இங்கே ஒல்லாந்தர் கோட்டையில் காலமெல்லாம் பத்திரம் எழுதியவன் ஆயிற்றே. வழக்கப்படி, 'இந்த நிலத்தில் வில்லங்கம் ஏதும் இல்லை, பின்னால் எவர் வந்து உரிமை கேட்டாலும் நானே முன்னின்று தீர்த்துக் கொடுப்பேன், தவறினால் என் வீட்டை ஈடாகத் தருவேன், என் வாரிசுகளும் இதற்குக் கட்டுப்பட்டவர்கள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வாங்குகிறவர் நிம்மதியாகத் தூங்கத்தான் இந்த வாசகம். எழுதிக் கொடுத்தவன் தூங்குவதைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

இந்த மழையில் ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தை மணல் மூடிக்கொண்டது, ஏரி வடிய வழியில்லாமல் மெல்ல மெல்ல ஏறி, ஒரு காலையில் பார்த்தால் தோப்பு முழுக்கத் தண்ணீர், தென்னைகளுக்கு நடுவே மேகம் மிதக்கிறது, பூநாரைகள் வந்து நிற்கின்றன, நான் அதையே பார்த்துக்கொண்டு நிற்கையில் மீனவர் குப்பத்துத் தலைவர் துளசிங்கம் ஆட்களோடு வந்து அங்கே வலை கட்டிவிட்டார். தண்ணீர் நிற்கிற இடமெல்லாம் குப்பத்துப் பாடு, அவர்கள் மீன்பிடிக்கும் உரிமை, யார் எங்கே வலை போடுவது என்று சீட்டுப் போட்டுத்தான் பிரிப்பார்கள், தோப்பு அவர் சீட்டில் விழுந்ததாம். மரைக்காயர் நேரே என் வீட்டுக்கு வந்தார். "பெரியவரே, எவர் வந்தாலும்னு எழுதினீங்களே, வந்துட்டாங்க. முன்னாடி நில்லுங்க" என்றார். நின்றேன். அன்றிலிருந்து பத்திரத்தைத் தலைப்பாகையில் செருகிக்கொண்டு தினமும் தண்ணீரில் நிற்கிறேன். "துளசிங்கம், இது வித்த நிலம்பா" என்றால், "மண்ணு மரைக்காயருதுதான் ஐயா, யாரு இல்லைன்னா? தண்ணிதான் எங்களுது. மண்ணை வேணும்னா எடுத்துக்கினு போவச் சொல்லுங்க. நீங்க கொஞ்சம் அப்பால நில்லுங்க, இறாலு உங்க காலைப் பாத்து மெரளுது" என்கிறார். அவர் சொல்வது நியாயமாகத்தான் படுகிறது. மரைக்காயர் சொல்வதும் நியாயமாகப் படுகிறது. பிற்பகல் வெயில் தண்ணீரில் விழுந்து ஆடும்போது எதற்கு நிற்கிறேன் என்பதே மறந்துபோகிறது, பூநாரை ஒன்று பக்கத்தில் வந்து என்னைப் போலவே காலை மாற்றி மாற்றி நிற்கிறது, நாங்கள் இரண்டு பேருமே யாருக்கோ எழுதிக் கொடுத்துவிட்டு நிற்கிறோம் என்று தோன்றுகிறது. வீட்டுக்குப் போனால் உங்கள் அத்தை, "ஊட்டை அவருக்குக் குடுத்துட்டு நாம இன்னா, உங்க கொக்குங்ககூட குந்தப் போறமா?" என்கிறாள்.

மாப்பிள்ளை, என் பயம் வீட்டைப் பற்றி மட்டும் அல்ல. நான் போன பிறகு வாரிசு என்று நீங்கள்தானே வந்து நிற்க வேண்டும்? உங்களுக்கோ சளி உடம்பு. இந்த வாசகத்திலிருந்து மீள வழி இருந்தால் எழுதுங்கள். இனி என் ஆயுளில் எவருக்கும் இப்படி எழுதித் தரமாட்டேன். இது சத்தியம்.

உங்கள் இருவர் கால்களும் என்றும் உலர்ந்திருக்க ஆசீர்வதிக்கும்,
லோகநாதன்

பி.கு.: கடிதத்தை மடித்து வைத்த பிறகு, முகத்துவாரம் உடைந்து ஏரி வடிந்துவிட்டது. துளசிங்கம் வலையைச் சுருட்டிக்கொண்டு கும்பிட்டுப் போனார். வீடு தப்பியது. தோப்புக்கு அப்பால் இதுவரை யாரும் பார்த்திராத ஒரு மணல்திட்டு ஈரம் மினுங்கக் கிடந்தது. "அது என் எல்லைக்கு வெளியே இருக்கு, உங்களுதுதான் பெரியவரே, அதையும் எனக்கே எழுதிக் குடுத்துடுங்க" என்றார் மரைக்காயர். மறுக்க மனம் வரவில்லை. அதே வாசகத்தைப் போட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். வாரிசு என்று பொதுவாக எழுதினால் பின்னால் குழப்பம் வருமே என்று, இந்த முறை உங்கள் பெயரையும் சதுரங்கப்பட்டினத்து விலாசத்தையும் விவரமாகச் சேர்த்திருக்கிறேன்.