ரிஜெக்ட் சாரும் மிக்ஸி விலைக் கிடாரும்

தேவேந்திரனே தலைநகரில் எங்கள் லக்ஷ்மிபாய் நகருக்கு வந்து ஐராவதத்தை வாசலில் நிறுத்தினாலும், இடது தந்தத்தில் கீறல் இருக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பக்கூடிய ஒருவர் எங்கள் எதிர் குவார்ட்டர்ஸில் இருந்தார். அவருக்கு ரிஜெக்ட் சார் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் வேறு. அது பென்ஷன் காகிதங்களில் மட்டும் வழங்கிவந்தது.

அரசாங்கத்துக்கு வாங்கும் சாமான்களைச் சோதிக்கும் பிரிவில் அவர் இன்ஸ்பெக்டர். அதே கட்டிடத்தில், ஒரு மாடி கீழே, கொள்முதல் பிரிவில் நான். விதிப்படி நான் ஆகக் குறைந்த விலை கேட்டவனிடம் வாங்குவேன். விதிப்படி அவர் அதை நிராகரிப்பார். இப்படியே இருவரும் ஒருவருக்கொருவர் வேலை கொடுத்துக்கொண்டு பென்ஷன் வரை வந்து சேர்ந்தோம்.

வந்த சாமானின் முதுகில் சிவப்புச் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டால் நிராகரிப்பு. பச்சைச் சாக்பீஸால் டிக் போட்டால் ஏற்பு. இரண்டு நிறமும் அவருக்கு ஒரே அளவில் வழங்கப்பட்டன. சிவப்பு சீக்கிரமே தீர்ந்துபோய் மறுபடி மறுபடி கேட்டு வாங்குவார். பச்சைப் பெட்டியை ஓய்வு பெற்ற அன்று பிரிக்காமலே திருப்பி ஒப்படைத்தார். பெற்றுக்கொண்டு ரசீது கொடுத்தவன் நான்.

ஒரு குளிர்காலம் முழுவதும் எங்கள் பிரிவில் நாற்காலி இல்லை. வந்த நாற்காலிகளுக்கெல்லாம் ஒரு கால் நூலளவு குட்டை என்று சிவப்புக் குறி விழுந்துவிட்டது. எல்லாரும் நின்றுகொண்டே எழுதினோம். அதனால் அந்த வருஷம் கோப்புகளில் குறிப்புகள் மிகச் சுருக்கமாக இருந்தன. நிர்வாகச் சீர்திருத்தம் என்று நான் கண்ணால் கண்டது அது ஒன்றைத்தான்.

ஆனால் மனிதர் நேர்மையில் நெருப்பு. காரணம் இல்லாமல் நிராகரிக்க மாட்டார், பொய்க் காரணமும் எழுத மாட்டார். "திருப்தி இல்லைன்னு எழுதுதவன் இன்ஸ்பெக்டர் இல்லை வே, மாமியாரு" என்பார்.

பிள்ளைகளும் அரசாங்க வேலையில் இருந்ததால், ஓய்வுக்குப் பிறகு என் குவார்ட்டர்ஸ் என் மகன் பெயருக்கும், அவருடையது அவர் மகள் பெயருக்கும் மாறின. அதற்கான விதிமுறை எனக்கு மனப்பாடம் என்பதால் இரண்டு விண்ணப்பங்களையும் நானே தயாரித்தேன். என் விண்ணப்பத்தில் மார்ஜின் கோணல் என்று அவர் ஒருமுறை திருப்பிக் கொடுத்தார்.

சோதிக்க ஆபீஸ் இல்லாமல் போனதும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டின் மேல் பாய்ந்தார். தேங்காயைக் காதருகே வைத்து டாக்டர் மாதிரி கண்ணை மூடிக்கொள்வார். முருங்கைக்காயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து வளைவு பார்ப்பார். "ரிஜெக்ட் சாப் ஆ கயே" என்று முதல் கடைக்காரன் இவர் வருகையைக் கூவினால் கடைசிக் கடைக்காரன் சாப்பிடப் போய்விடுவான்.

இத்தனை கண்டிப்பிலும் அவர் மனமார ஏற்றுக்கொண்ட பொருள் ஒன்று உண்டு. அது ஒரு எக்ஸ்டென்ஷன் போர்டு. சரோஜினி நகரில் காலையில் தொடங்கிக் கடை கடையாக ஏறி இறங்கி, மாலையில் அதைத் தேர்ந்தெடுத்து, பிள்ளை பெற்று ஆஸ்பத்திரியிலிருந்து வருபவரைப் போல மார்போடு அணைத்து எடுத்துவந்தார். "உம்ம பேரன் காலம் வரை வரும் வே" என்று என்னிடம் காட்டினார்.

அந்த வீட்டில்தான் டெய்சி டீச்சர் கிடார் வாங்கினார்.

டெய்சி டீச்சர் அவர் மனைவி. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். பாளையங்கோட்டையில் சின்ன வயதில் கோவில் பாடகர் குழுவில் இருந்தபோது கிடாரெல்லாம் பையன்களுக்கு. பெண்களுக்குக் கஞ்சிரா. அந்த வருத்தம் மனதில் இருந்துகொண்டே இருந்திருக்கிறது. ஓய்வு பெற்றதும் யாரிடமோ சாதாரணக் கிடாரை வாங்கி முயன்று பார்த்தார். மூட்டுவலி வந்த விரல்களால் அந்தத் தடித்த கம்பிகளை அழுத்த முடியவில்லை. எலக்ட்ரிக் கிடாரில் கம்பி மெல்லியது, லேசாகத் தொட்டால் போதும் என்று கேள்விப்பட்டு, கம்ப்யூட்டரில் இருப்பதிலேயே மலிவானதாகப் பார்த்து ஆர்டர் செய்துவிட்டார். சுமாரான ஒரு மிக்ஸியின் விலைதான். கைக்கு அடக்கமான ஸ்பீக்கர் பெட்டி ஒன்றும் கூடவே வந்தது.

விரல் அழுந்தியது. சத்தம் வந்தது. கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனையில் வாசிக்கிறேன் என்று கோவிலில் பெயரும் கொடுத்துவிட்டார்.

மறுநாள் ரிஜெக்ட் சார் என் வீட்டுக்கு வந்து உட்காராமல் நின்றார்.

"மிக்ஸி வெலைக்கு ஒருத்தன் கிடார் தாரான்னா அதுல என்ன வே இருக்கும்? பழப்பெட்டிப் பலகையும் குடைக் கம்பியுந்தான். கோவில்ல நாலு பேர் முன்னால பாதிப் பாட்டுல கம்பியை முடுக்குத சாவி கழண்டு கைல வந்துரும். அவளுக்கு அவமானம்லா?"

விற்றவன் கொடுத்த கெடு முடிவதற்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அவர் வீட்டில் பேச, டீச்சர் ஒரு நிபந்தனை விதித்திருக்கிறார். ஒரே ஒரு குறை, உண்மையான குறை, கண்டுபிடித்தால் அவரே பெட்டியில் கட்டி அனுப்பிவிடுவார். கிடைக்காவிட்டால் சார் வாயைத் திறக்கக் கூடாது. விதிமுறை தெரிந்தவன் என்பதால் நான் நடுவர்.

"முப்பது வருசமா இவுக பண்ணுத ரிஜெக்சனைப் பாத்தாச்சு அண்ணாச்சி. பொண்ணு பாக்க வந்தப்போ என்னைய மட்டும் எப்படிப் பாஸ் பண்ணாகன்னு கேளுங்க" என்றார் டீச்சர்.

"அன்னைக்கு லென்ஸை மறந்துட்டுப் போயிட்டேன்" என்றார் ரிஜெக்ட் சார், லென்ஸைத் துடைத்துக்கொண்டே.

சோதனை தொடங்கியது. கிடாரின் கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகப் பட்டைகளின் ஓரம் மழுங்கியிருக்கிறதா என்று மருந்துப் பஞ்சை எடுத்து மேலிருந்து கீழே ஓட்டினார். மலிவான சாமானில் பஞ்சு மாட்டி இழை பிரிய வேண்டும். பிரியவில்லை. கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜை, நூலளவையும் காட்டும் வெர்னியர் அளவுகோல் கொண்டு அளந்தார். அவர் வாழ்நாளில் அந்த வெர்னியரைப் பார்த்துச் சொல்லாத ஒரு சொல்லை அன்று சொன்னார்: "சரியா இருக்கே."

அடுத்து, சுருதி கூட்டிய கிடாரை ராத்திரி முழுவதும் டிசம்பர் பனியில் மொட்டைமாடியில் வைத்தார். மங்கி குல்லாவும் மஃப்ளரும் தனக்கு, கிடாருக்கு ஒன்றும் கிடையாது. காலையில் கொண்டுவந்து ஹீட்டர் முன்னால் நிறுத்தினார். டீச்சர் வாசித்துப் பார்த்ததில் ஒரு கம்பி இம்மி இறங்கியிருந்தது.

"பாத்தீரா, பாத்தீரா" என்று ரிஜெக்ட் சார் என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

முடுக்கும் சாவி இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. இறங்கியது கம்பி மட்டும். கம்பி தேய்ந்து மாற்றப்படும் பொருள், பேனாவுக்கு மை மாதிரி. மை தீர்ந்தது என்று பேனாவை நிராகரிக்க விதியில் இடமில்லை என்று தீர்ப்புச் சொன்னேன். "நீரு அந்தக் காலத்துலயே சப்ளையர் கட்சி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்புறம் துருச் சோதனை. உலோகப் பூச்சு தாங்குமா என்று உப்புநீரில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆபீஸில் அதற்கென்று தனிப் பெட்டி உண்டு. வீட்டில் இல்லை. இது நடக்கிறது என்று தெரியாமல் ஒரு மத்தியானம் அவர்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். அவர் மகள் தயிர்சாதத்துக்கு நார்த்தங்காய் ஊறுகாய் வைத்தாள். நார்த்தங்காய் இத்தனை கடினமா என்று நினைத்த நொடியில் ரிஜெக்ட் சார் என் கையைப் பிடித்தார்.

"கடிச்சிராதேயும் வே. அது சாம்பிள்."

கிடாரின் முடுக்கும் சாவி ஒன்றைக் கழற்றி ஊறுகாய் ஜாடியில் போட்டு ஊறவைத்திருந்தார். "பப்பா, ஹத் ஹோ கயி, ஒரு அளவே இல்லையா" என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள். அவர் சாவியைக் கழுவி, லென்ஸ் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புதுக் கால்ரூபாய் மாதிரி மின்னியது. சேதம் என் கடைவாய்ப் பல்லில் மட்டும்.

அதன் பிறகு மனிதர் ஆடிப்போய்விட்டார். மலிவு என்றால் மட்டம் என்பதன் மேல் கட்டிய வாழ்க்கை அது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் ஒரு தேங்காயைக் காதில் வைக்காமலே வாங்கிவிட்டார் என்று கடைக்காரன் என்னிடம் கவலையாக விசாரித்தான்.

கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்தார். "வாரும். கெடச்சிட்டு."

போனேன். எக்ஸ்டென்ஷன் போர்டில் ஸ்பீக்கர் பெட்டியைச் சொருகி, கிடாரை அதில் இணைத்திருந்தார். யாரும் கம்பியைத் தொடவில்லை. ஆனாலும் பெட்டியிலிருந்து ம்ம்ம்ம் என்று ஒரு முனகல் வந்துகொண்டே இருந்தது.

"கேட்டீரா? இவ்வளவு நாளும் இந்தச் சின்ன ஹெட்போனை மாட்டிக்கிட்டு அவ பேட்டரில வாசிச்சா, அதான் தெரியலை. கோவில்ல கரண்ட்டுலதான வாசிக்கணும்? பிரசங்கத்துக்கு நடுவுல இது முனங்கிக்கிட்டே கெடக்கும்."

டீச்சரைப் பொறுத்தவரை சொன்ன சொல் சொன்னதுதான். கிடாரைத் துணியால் துடைத்தார். வந்த அட்டைப்பெட்டியிலேயே அதைப் படுக்கவைத்து, குமிழித் தாளை ஓரம் ஓரமாக மடித்துவிட்டார். ரிஜெக்ட் சார் ஜெயித்த முகத்தோடு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க அந்த முகம் ஏனோ சுருங்கிக்கொண்டு வந்தது.

"வேறே கிடார் வாங்கலாம். நல்லதா" என்றார்.

"வேண்டாங்க. கஞ்சிரா இருக்குல்லா" என்றார் டீச்சர்.

காலையில் கூரியர் பையன் வந்துவிட்டான். அதற்கு முன்பே நான் அங்கே போய் உட்கார்ந்திருந்தேன். இரவெல்லாம் ஒரு விதி என்னைக் குடைந்துகொண்டிருந்தது.

"ஸார், ஒரு சந்தேகம். பொருளை நிராகரிக்கறதுக்கு முன்னாடி சோதனைக் கருவி சரியா இருக்கான்னு பாக்கணும். நீங்க எனக்கு எத்தனை தடவை எழுதியிருக்கீங்க."

"வெர்னியரா? அது சுத்தம் வே."

"வெர்னியர் இல்லை. போர்டு."

அவர் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க மாட்டேன். அவருடைய குலத்தைப் பற்றிக் கேட்டிருந்தால்கூட அவ்வளவு புண்பட்டிருக்க மாட்டார். ஆனால் விதி விதிதான். பெட்டியைப் பிரித்து, கிடாரையும் ஸ்பீக்கரையும் தூக்கிக்கொண்டு மூன்று பேரும் எதிரே என் வீட்டுக்குப் போனோம். சுவரிலிருந்த பிளக்கில் நேராகச் சொருகினோம். கிடாரிடமிருந்து மூச்சில்லை. டீச்சர் ஒரு கம்பியைத் தட்டினார். அந்த ஒரு சுரம் தெளிவாக எழுந்து அடங்கியது. அடங்கிய பிறகு மறுபடி அமைதி.

ரிஜெக்ட் சார் தன் வீட்டுக்குப் போய் எக்ஸ்டென்ஷன் போர்டை எடுத்துவந்து, என் பிளக்கில் மாட்டி, அதன் வழியாகச் சொருகினார். ம்ம்ம்ம்.

ஸ்குரூடிரைவரால் போர்டைத் திறந்தார். முனகலைத் தடுக்க வேண்டிய எர்த் ஒயர் எங்கேயும் இணைக்கப்படாமல் உள்ளே சும்மா சுருண்டு படுத்திருந்தது. என் பேரன் காலம் வரை அப்படியே படுத்திருக்கும்.

கூரியர் பையன் வாசலில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அங்கிள்ஜி, ரீஸன் க்யா டாலூ?" திருப்பி அனுப்ப என்ன காரணம் போடட்டும் என்கிறான். இவர் திறந்த போர்டையே உற்றுப் பார்ப்பதைக் கண்டு, "பசந்த் நஹீ ஆயா" என்று போட்டுவிடவா, பிடிக்கவில்லை என்றால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள், சீக்கிரம் சொல்லுங்கள் என்றான்.

தப்பிக்க எளிய வழி. டீச்சர் கணவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நஹீ பையா" என்றார் ரிஜெக்ட் சார். "ரிட்டர்ன் கேன்சல்."

பிறகு சட்டைப் பையிலிருந்து சிவப்புச் சாக்பீஸை எடுத்தார். ஓய்வு பெற்ற பிறகும் அது எப்போதும் அங்கே இருக்கும். எக்ஸ்டென்ஷன் போர்டின் முதுகில் நிதானமாக ஒரு பெருக்கல் குறி போட்டு என் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். எங்கள் ஆபீஸ் பாஷையில் அதற்கு மன்னிப்புக் கேட்டார் என்று பொருள்.

கேரல் ஆராதனைக்கு நானும் போயிருந்தேன். எங்கள் வீட்டுப் பொங்கலுக்கு அவர்கள் வருவார்கள், அவர்கள் கேக்குக்கு நான் போவேன். ஊதாப் பட்டுச்சேலையில் டீச்சர் பையன்களுக்கு நடுவே கிடாரோடு நின்றார். வார் தோளில் சரியாக உட்காராமல் ஒருமுறை கிடாரைத் திருப்பிப் பிடித்தபோது அதன் முதுகு தெரிந்தது. ஓரத்தில் சின்னதாக ஒரு பச்சை டிக். கணக்கு டீச்சர் வீட்டில் கலர்ச் சாக்பீஸுக்குப் பஞ்சமா என்ன.

கிடார் ஒரு இடத்தில்கூடச் சுருதி விலகவில்லை. ஆனால் டீச்சர் விலகினார். இரண்டாவது சரணத்தில் குழு ஒரு பக்கம் போக அவர் விரல் வேறு பக்கம் போயிற்று. மூன்றாவதிலும் அதே இடத்தில் அதே தப்பு. சங்கீதம் தெரியாத எனக்கே கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரிஜெக்ட் சாரைத் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

வெளியே வந்து, டீச்சர் செருப்பு மாட்டிக்கொள்ளும் நேரத்தில் மெதுவாகக் கேட்டேன். "என்ன ஸார், எப்படி இருந்தது?"

அவர் கிடார்ப் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். வாரை இரண்டு முறை இழுத்துச் சரிபார்த்தார்.

"நான் இன்ஸ்பெக்சன் பண்ணலை வே" என்றார். "சும்மா கேட்டுக்கிட்டு இருந்தேன்."