நிமிடத்துக்கு நாற்பது சொட்டு

எங்கள் சமையலறைத் தொட்டிக்குக் கீழே உள்ள குழாய் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கசியத் தொடங்கியது. சட்டத்தை மதிக்கும் குடிமகன் என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தேன். அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டு, குடிநீர் அலுவலகத்துக்கு மனு எழுதினேன். மனுவில் 'கசிவின் வேகம்' என்று ஒரு கட்டம் இருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணி, நிமிடத்துக்கு நாற்பது சொட்டு என்று நிரப்பினேன். அக்கம்பக்கத்தில் எனக்கு மனுக்காரர் என்றுதான் பெயர். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

'ஆவன செய்யப்படும்' என்று பதில் வந்தது. ஏழு வாரம் ஓடியது. பதிலைத் தவிர வேறொன்றும் வரவில்லை.

அப்போது என் மச்சினி, பிறந்து இருபது நாளான இரட்டைக் குழந்தைகளோடு எங்கள் வீட்டில் தங்கியிருந்தாள். துவைத்த துணி காய்வதற்குள் அடுத்த வாளி அழுக்குத் துணியால் நிறைந்துவிடும். தண்ணீர் என்றால் அந்த வீட்டில் உயிர்.

"ஒரு குழாயை இறுக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்றாள் மனைவி.

"அதான் மனு கொடுத்திருக்கேனே."

"அந்த மனுவையே குழாயில சுத்துங்க. கசிவாவது நிக்கும்."

தன் வீட்டு வேலையைத் தானே செய்துகொள்வது அந்த வருடத்து நாகரிகம். எங்கள் அலுவலகக் கணக்காளர் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் மாட்டிப் படம் போட்டிருந்தார். முந்நூறு பேர் வாழ்த்தினார்கள். தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

நான் மட்டும் என்ன இளைத்தவனா? பன்னிரண்டு பை வைத்த கால்சட்டை, கையுறை, நெற்றியில் கட்டும் விளக்கு எல்லாம் வாங்கினேன். பதினொரு வீடியோ பார்த்தேன். எல்லாமே 'ரொம்ப சுலபம் நண்பர்களே' என்று ஆரம்பித்ததால், முதல் நிமிடத்தை முன்னுரை என்று தள்ளிவிட்டேன். மெயின் வால்வை மூடச் சொன்னது அந்த முதல் நிமிடத்தில்தான். இணைப்பைக் கழற்றி, தண்ணீர் மூக்கில் அடித்தபோது அது விளங்கியது.

மனைவி ஓடிப்போய் வால்வை மூடினாள். உள்ளே வாஷர் நைந்து போயிருந்தது. புது வாஷர் போட்டு, மரைக்கு டேப் சுற்றி, பல்லைக் கடித்து இறுக்கினேன். கசிவு நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நானா செய்தேன்!

மறுநாள் காலை குடிநீர் அலுவலக ஆய்வாளர் வந்து நின்றார்.

"கசிவு எங்கே?"

"சரி பண்ணிட்டேன் சார்."

அவர் முகம் கறுத்தது. "யாரைக் கேட்டுப் பண்ணீங்க?"

"என் வீட்டுக் குழாய்தானே சார்."

"குழாய் உங்களுது. கசிவு எங்களுது. பதிவேட்டுல ஏறின அன்னிக்கே அது அலுவலகச் சொத்து. கசிவைக் காட்டுங்க. இல்லேன்னா பொய் மனுன்னு எழுதி முப்பது நாளைக்கு இணைப்பைத் துண்டிச்சிடுவேன்."

மச்சினி இரண்டு குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "முப்பது நாளா? இந்தப் பிள்ளைங்களை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன் மாமா?"

வாழ்நாளில் உருப்படியாக நான் செய்த ஒரே வேலையை அவிழ்க்க உட்கார்ந்தேன். அது அசைய மறுத்தது. மனைவி ஸ்பானரைப் பிடுங்கி ஒரு திருகு திருகினாள். சொட்டியது. ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார்.

"நாப்பத்தி மூணு. மூணு சொட்டு அனுமதியில்லாத நீர் வெளியேற்றம்."

கொஞ்சம் இறுக்கினோம்.

"முப்பத்தாறு. நாலு சொட்டை மறைக்கிறீங்க."

அரைமணி நேரம் போராடி நாற்பதைப் பிடித்தோம். "இதுதான் கசிவு!" என்று ஆய்வாளர் மனம் குளிர்ந்து, இணைப்பைச் சுற்றிக் கம்பி கட்டி ஈய முத்திரை வைத்தார்.

"எப்ப சார் சரி பண்ணுவாங்க?"

"அது பழுதுப் பிரிவு. நான் ஆய்வுப் பிரிவு. அவங்க வர்ற வரைக்கும் ஒரு சொட்டு கூடவும் கூடாது, குறையவும் கூடாது. வாராவாரம் வந்து எண்ணுவேன். கசிவு நின்னா முத்திரையில கை வச்சதா வழக்கு. ஆனா ஒண்ணு, முத்திரை இருக்கிற வரைக்கும் உங்க இணைப்பை யாராலும் துண்டிக்க முடியாது."

அந்தக் கடைசி வார்த்தைதான் ஊரைக் கெடுத்தது. மாலைக்குள் மேல்வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் இறங்கி வந்தார்.

"நல்லா இருக்கிற குழாயைக் கசிய வைக்கிறது எப்படிங்க?"

சொல்லிக்கொடுத்தேன். பிறகு வீடியோவாகவும் போட்டேன். குழாயைச் சரிசெய்த அன்று நான் போட்ட படத்தை எட்டுப் பேர் பார்த்திருந்தார்கள். அதில் இரண்டு பேர் என் மனைவியும் மச்சினியும். கசிய வைக்கும் வீடியோவை ஊரே பார்த்தது. இரண்டு மாதத்தில் முத்திரை இல்லாத வீடே இல்லை. பெண் பார்க்கப் போனவர்கள் தொட்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார்களாம். மிக அதிகமான கசிவுகளைக் கண்டறிந்ததற்காக ஆய்வாளருக்குப் பதவி உயர்வு வந்தது. ஆனாலும் எங்கள் தெருவை மட்டும் பாசத்தோடு தானே வந்து எண்ணினார். பழுதுப் பிரிவு வரவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குழாயில் காற்றுதான் வந்தது. ஊரின் ஏரி சொட்டுச் சொட்டாகவே தீர்ந்து போயிருந்தது. தெருவே அலறியது. தண்ணீர் இல்லையே என்று யாரும் அலறவில்லை. கசிவு நின்றுவிட்டதே என்றுதான் அலறினார்கள். மறுநாள் எண்ணும் நாள்.

எங்கள் வீட்டில் அரை வாளி மிச்சம் இருந்தது. "இது பிள்ளைங்களுக்கு. யாரும் தொடக்கூடாது" என்று மனைவி மூடி வைத்துவிட்டு, லாரித் தண்ணீர் ஏதும் வருமா என்று பார்க்கப் போனாள். கதவு தட்டப்பட்டது. தலைமையாசிரியர் கையில் டம்ளரோடு நின்றார்.

"கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

"குடிக்கவா சார்?"

"சேச்சே! குடிக்கிறதுக்கு யார் கேட்டா? காலையில ஆய்வாளர் வர்றாரே, சொட்டணுமே!"

"எங்களுக்கே பத்தாது சார்" என்று கதவைச் சாத்தினேன். உள்ளே இரண்டு குழந்தைகளும் வீறிட்டு அழுதுகொண்டிருந்தன. மச்சினி என்னையே பார்த்தாள். நான் அவள் பக்கம் திரும்பவில்லை. குழந்தைகளுக்கு மருந்து கொடுக்கும் சொட்டுக்குழலைத் தேடி எடுத்தேன். வாளியை இழுத்துக்கொண்டு தொட்டிக்கு அடியில் போய்ப் படுத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி சொட்டுச் சொட்டாக விட்டு எண்ணிப் பழக ஆரம்பித்தேன்.