கதைபேச்சு இல்லாத இருவர் கடல் கடந்து கதைத்த வரலாறு

சண்டிலிப்பாய்,
வெகுதானிய வருஷம், வைகாசி 26.

ஈப்போவிலே புகையிரதக் கந்தோரில் உத்தியோகக் கதிரை ஒன்றை ஆறு வருஷமாகத் தேய்த்து மினுக்கி வருபவராகிய என் அருமை மருமகன் சண்முகநாதனுக்கு, உமது தாய்மாமன் சோமசேகரம் எழுதிக்கொள்வது. இங்கே மனிதர், மாடு, புகையிலைக்கன்று, கிணற்றுத் தண்ணீர் யாவும் அதது தன் முறைப்படி சுகமாயிருக்கின்றன. அங்கே நீரும், படத்தில் புதிதாகக் காணப்படும் உமது மீசையும் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு நெடுநாள் வாழப் பிள்ளையாரை வேண்டியிருக்கிறேன்.

மருமகனே, இப்போது நான் எழுதப்போவதை நீர் நம்பமாட்டீர். உமது கந்தோரில் வெள்ளைக்காரத் துரை முதல் தேத்தண்ணி கொண்டுவரும் சீனன் வரையில் ஒருவரும் நம்பமாட்டார்கள். எழுதி முடித்து நானே வாசித்தால் நானும் நம்பாமல் விடக்கூடும். ஆயினும், வலது கையால் எழுதி இடது கையை விபூதித் தட்டில் வைத்துக்கொண்டு சொல்கிறேன், எல்லாம் எழுத்துக்கு எழுத்து நடந்தது. "தங்கச்சியின் கலியாணம் ஏன் இழுபடுகிறது?" என்று மூன்று கடிதத்தில் கேட்டீரே, அதற்கு இதுவே மறுமொழி.

உமது ஐயாவைப் பெற்ற பேரனார் இறந்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிப் பந்தி நினைவிருக்கும். நீர் அன்றைக்கு மோர் வார்த்தீர், பாதி இலையில், பாதி என் வேட்டியில். அந்தப் பந்தியில்தான் உமது சித்தப்பா சீவரத்தினம், "பயித்தங்காய்க் கறிக்கு உப்பு எப்பன், ஒரு சிட்டிகை, காணாது" என்ற மகா வாக்கியத்தைச் சொன்னார். சமைத்தவர் உமது அம்மா, அதாவது என் அக்கா. அக்காவைக் கட்டிய காரணத்தால் எனக்கு அத்தாரும் உமக்கு ஐயாவுமாகிய ஆழ்வாப்பிள்ளை, இலையை மடித்து எழுந்து, "இண்டையோடை உனக்கும் எனக்கும் கதை இல்லை" என்று பிரகடனம் செய்தார். தம்பி கை கழுவிக்கொண்டு தலைமன்னாருக்குப் போனவர், கப்பலேறிச் சென்னையில் புகையிலைக் கடை வைத்துவிட்டார். பதினொரு வருஷம்! கறிக்குள் விழாத ஒரு சிட்டிகை உப்புக்காக ஒரு சமுத்திரத்தையே எடுத்து நடுவில் ஊற்றிக்கொண்டவர்கள் பூமியில் வேறு எங்கேயாவது இருந்தால் எனக்கு எழுதும், போய்ப் பார்த்து வருகிறேன்.

இப்போது உமது தங்கை ஞானாம்பிகைக்குச் சுன்னாகத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி மாப்பிள்ளை பொருந்தியிருக்கிறது. பொருத்தம் பத்தில் ஒன்பது, மிச்சம் ஒன்றுக்குச் சாத்திரியார் கண்ணை மூடிக்கொண்டார். எல்லாம் சரிவந்த நேரத்தில் தங்கச்சி அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "என்னைத் தோளிலை வைச்சு நல்லூர்த் தேர் காட்டின சித்தப்பா வராமல் நான் மணவறையிலை குந்தமாட்டன்" என்றுவிட்டாள். அத்தார் கத்தினார். அக்கா அழுதார். அவள் அசையவில்லை. ஐயாவின் பிடிவாதத்தைச் சீதனமாக இப்போதே வாங்கிவிட்டாள் போலும். கூறைச் சேலை எடுக்க வண்டி பூட்டினோம், ஏறமாட்டேன் என்று இருந்துவிட்டாள். மாடு எங்களைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். மாப்பிள்ளை பகுதியார் வைகாசி முடியுமுன் ஒரு சொல் வேண்டும், இல்லையேல் பருத்தித்துறையில் ஒரு பெண் இருக்கிறாள் என்று வெகு மரியாதையாகச் சொல்லியனுப்பினார்கள்.

ஒரு கடிதம் போட்டால் என்ன என்று கேட்பீர். மலாயாவில் மழை அதிகம், புத்தி நனைந்துவிட்டது. நம்மவரைக் கலியாணத்துக்கு வாயால் அல்லவா அழைக்க வேண்டும்! வீட்டுக்காரர் வெற்றிலைத் தட்டத்தோடு வந்து, முன்னே நின்று, சொந்த வாயைத் திறந்து சொல்லாத கலியாணத்துக்கு நம் இனத்தார் தங்கத்தில் சோறு போட்டாலும் போகமாட்டார்கள். செத்தவீட்டுக்குப் போவார்கள், அதற்கு ஒருவரும் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே நிலைமை இதுதான்: வாயால் சொன்னால்தான் தம்பி வருவார், தம்பி வந்தால்தான் மகள் கழுத்தை நீட்டுவாள், தம்பிக்கு மாத்திரம் வாய் திறப்பதில்லை என்று அத்தார் சத்தியம் பண்ணியிருக்கிறார்.

அப்போதுதான் எனக்கு எங்கள் பட்டணத்துக் கோட்டில் வழக்குப் பேசும் பிறக்கிராசியார் கிளரன்சின் பங்களாவில் உள்ள ரெலிபோன் ஞாபகம் வந்தது. இப்போது அதில் சென்னைக்கும் கதைக்கலாமாம். அத்தாரிடம் போனேன்.

"அத்தார், ரெலிபோனிலை சொன்னால் என்ன?"

"உவனோடை நான் கதைக்கமாட்டன்!"

"ஆர் உங்களை உவரோடை கதைக்கச் சொன்னது? நீங்கள் குழாயோடை கதையுங்கோ. குழாய் கம்பியோடை கதைக்கும். கம்பி கொழும்பிலை ஒரு பிள்ளையோடை கதைக்கும். அதுக்கு அங்காலை நடக்கிறதுக்கு நீங்களோ பொறுப்பு?"

அத்தார் மூன்று நாள் யோசித்தார். நாலாம் நாள் கோயில் ஐயரைக் கேட்டார். ஆகமத்தில் ரெலிபோனுக்கு விலக்கில்லை, ஆனால் இராகுகாலம் தவிர்க்க வேண்டும், தென்மேற்குப் பார்த்துக் கதைக்கக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. "புதன்கிழமை நாலு மணிக்குச் சென்னை ரெலிபோன் கந்தோரில் நிற்கவும்" என்று சித்தப்பாவுக்கு என் பேரில் தந்தி அடித்தேன்.

புதன்கிழமை சண்டிலிப்பாயில் ஒரு குருவிகூட மிச்சமில்லை. பதினேழு மாட்டுவண்டிகள். முதல் வண்டியில் அத்தாரும் வெற்றிலைத் தட்டமும், இரண்டாவதில் அக்காவும் பலகாரப் பெட்டியும். நாதஸ்வரக்காரரை நான்தான் மானிப்பாயில் வைத்துத் திருப்பி அனுப்பினேன். கிளரன்ஸ் துரை கழுத்துப்பட்டியோடு வாசலில் நின்றவர், எங்களைக் கண்டதும் கலகம் என்று நினைத்து யன்னலைப் பூட்டப் போனார். பிறகு தெளிந்து உள்ளே கூட்டிப்போய், பின்னல் லேசுத் துணியால் முக்காடிட்டு மூலையில் இருந்த ரெலிபோனைப் பெண்பார்க்கக் காட்டுவது போல் மெல்லத் திறந்து காட்டினார். சனம் செருப்பைக் கழற்றியது. யாரோ ஒரு கிழவி அதற்குச் சந்தனப் பொட்டும் வைத்துவிட்டாள். "இது விஞ்ஞானம், தெய்வமில்லை" என்று துரை இங்கிலீசில் கோபித்தார். இங்கிலீசில் கோபித்தபடியால் அதையும் மந்திரம் என்று எண்ணிச் சிலர் கும்பிட்டார்கள்.

மணி அடித்தது. அத்தார் இடது கையில் வெற்றிலைத் தட்டத்தைக் குழாயின் வாய்க்கு நேரே ஏந்திக்கொண்டார். நான் என் காதை அவர் காதோடு ஒட்டவைத்தேன். உள்ளே மழையும் இடியும் சுன்னாகச் சந்தையும் சேர்ந்தாற்போல் ஓர் இரைச்சல். அதற்குள்ளிருந்து ஒரு பெண்குரல்: "கொழும்பு ரெலிபோன் கந்தோரிலையிருந்து பியாட்றிஸ் கதைக்கிறன். லைன் சரியில்லை, ஐயா. நீங்கள் சொல்லுறதை நான் சென்னைக்குச் சொல்லிவிடுறன்."

அத்தாரின் முகத்தைப் பார்க்க வேண்டும்! பதினொரு வருஷத்தில் அப்படி மலர்ந்ததில்லை. தம்பியோடு கதைக்காமல் தம்பியோடு கதைக்க அரசாங்கமே ஒரு பிள்ளையைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறது!

"மோனை பியாட்றிஸ், உவருக்குச் சொல்லு, எங்கடை வீட்டிலை ஒரு விசேஷம் எண்டு."

"சொன்னன் ஐயா. ஆருடைய வீட்டிலை எண்டு அவர் கேக்கச் சொல்லுறார்."

"பாத்தியே திமிரை! அவருடைய தகப்பன் பிறந்த வீட்டிலை எண்டு சொல்லு."

"அந்த வீட்டிலை இப்ப ஆர் இருக்கினம், தனக்குத் தெரியாது எண்டு சொல்லுறார்."

"மறதி மெத்தப் போலை. அங்கை வல்லாரை கிடைக்காதோ எண்டு கேள்!"

இப்படியாகக் காரியம் அமிர்தமாய் நடந்துகொண்டிருந்தது. அழைப்பு அத்தாரின் நுனிநாக்குக்கு வந்துவிட்டது. அந்த நேரத்திலே, மருமகனே, ஒரு குடும்பத்துக்கு வரக்கூடாத ஆபத்து வந்தது: லைன் சரியாகிவிட்டது. இரைச்சல் துணியால் துடைத்தாற்போல் நின்றது. சென்னையில் சித்தப்பா ஒருமுறை செருமினார். அது எங்கள் கிணற்றடியில் செருமினது போல் கேட்டது.

"இப்ப நல்லாய்க் கேக்குது, ஐயா. இனி நீங்கள் ரெண்டு பேரும் நேரையே கதையுங்கோ," என்றாள் அந்தப் பாவி.

"போகாதை, பிள்ளை!" என்றார் அத்தார். "போகாதை, பிள்ளை!" என்றார் சென்னையில் சித்தப்பா. "பழைய இரைச்சலை ஒருக்காப் போட்டுவிடு, மோனை," என்று அத்தார் கெஞ்சினார். "அப்பிடி வசதி எங்களிட்டை இல்லை, ஐயா," என்று சொல்லி அவள் போய்விட்டாள்.

அதன் பின் நடந்ததுதான் உலக சரித்திரத்தில் எழுதப்பட வேண்டியது. முழுதாக மூன்று நிமிஷம் இருவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கடலுக்கு இந்தப்பக்கம் ஒரு மூச்சு, அந்தப்பக்கம் ஒரு மூச்சு. தனுஷ்கோடியில் அலை நின்றது. நெடுந்தீவில் குதிரைகள் காதை நிமிர்த்தின. மன்னாரில் முத்துச் சிப்பிகள் வாயைத் திறந்து என்ன என்று பார்த்தன. பிறக்கிராசியாரின் சுவர்க் கடிகாரம் வெட்கப்பட்டு மெதுவாக நடந்தது. வெற்றிலைத் தட்டம் ஏந்திய கையில் பாக்கு ஒவ்வொன்றாக உருண்டு விழ, பதினேழு வண்டிச் சனமும் மூச்சைப் பிடித்தபடியால் இருவர் மயங்கி விழுந்து சோடா கொடுக்கப்பட்டது.

"காசு கட்டின மூண்டு நிமிஷம் முடிஞ்சுது. இன்னொரு மூண்டு நிமிஷம் வேணுமோ?" பியாட்றிஸ் மறுபடி வந்தாள்.

"ஓம்!" என்று இரு கரையிலிருந்தும் ஒரே குரல்.

"என்னத்துக்கு ஐயா? மூச்சு விடவோ?" அவளுக்குப் பொறுமை போய்விட்டது. "அப்பிடி என்னதான் கோபம்?"

"கறிக்கு உப்புக் காணாது எண்டு சொன்னன், பிள்ளை, வேறை ஒண்டுமில்லை," என்று சித்தப்பா அவளிடம் முறையிட்டார்.

"பொய்யடா!" என்று அத்தார் குழாய்க்குள் வெடித்தார். "'எப்பன்' எண்டும் நீ சொன்னனி! எப்பன் எண்டு சொல்லித்தான் மானத்தை வாங்கினனி!"

"நான் உள்ளதைச் சொன்னன், அண்ணை!"

"உள்ளதோ? இஞ்சை வந்து அவளின்ரை முகத்தைப் பாத்துச் சொல்லடா பாப்பம்!"

"ஐயாமார்," என்றாள் பியாட்றிஸ், "நீங்கள் ரெண்டு பேரும் நேரை கதைச்சுப் போட்டியள்."

அத்தாரின் வாய் திறந்தபடி நின்றது. அந்த இடைவெளியில் என் அக்கா, பதினொரு வருஷமாக அதே கறியை அதே உப்போடு சமைத்து வரும் அந்தப் பதிவிரதை, குழாயைப் பறித்து, "தம்பி, நீ சொன்னது மெய்தான். அண்டைக்கு நான் உப்புப் போட மறந்துபோனன். பிறகு சொல்லப் பயமாய்க் கிடந்தது," என்றார். பிறக்கிராசியாரின் பங்களா ஒரு சாண் கீழே இறங்கியது. பெண்சாதியையும் குழாயையும் மாறிமாறிப் பார்த்த அத்தார், வேறு வழியில்லாமல், தட்டத்தை நெஞ்சுயரத்துக்கு உயர்த்தி, "சீவரத்தினம், பிள்ளைக்குக் கலியாணம். ஆவணி பன்னிரண்டு. நீ வந்து முன்னுக்கு நிக்க வேணும்," என்று வாயால், சொந்த வாயால், சொன்னார். "வாறன் அண்ணை" என்பதோடு லைன் அறுந்தது. சனம் ஆரவாரித்தது. கிளரன்ஸ் துரை தன்னையறியாமல் தமிழில் அழுதார்.

ஆகையால் நீரும் துரையிடம் விடுமுறை கேட்டு ஆவணிக்கு முன் வந்து சேர வேண்டும். அக்கா, அத்தார், தங்கச்சி மூவரும் உமக்குத் தங்கள் அன்பைச் சொல்லச் சொன்னார்கள். எப்படிச் சொல்ல வேண்டும் என்று மூவரும் மூன்று விதமாய்ச் சொன்னபடியால் அதை உமது ஊகத்துக்கு விடுகிறேன். சகல பாக்கியமும் உண்டாவதாக, மீசை உட்பட.

இப்படிக்கு,
மாமன் சோமசேகரம்

பிற்குறிப்பு: கடிதத்தை உறையில் இடுமுன் வாசித்துப் பார்த்தேன். இடது கை விபூதித் தட்டில் இருந்தபடியால் ஒன்றிரண்டு திருத்தம் அவசியமாகிறது. பதினேழு வண்டி போகவில்லை. நானும் அத்தாரும் மாத்திரம் பஸ்ஸில் போனோம். வெற்றிலைத் தட்டம் இல்லை. பியாட்றிஸ் என்றொருத்தி இல்லை. இணைத்துவிட்டவர் ஓர் ஆண்பிள்ளை, "கதையுங்கள்" என்றதோடு அவர் வேலை முடிந்தது. அக்கா வரவேயில்லை, உப்பு அன்றைக்குச் சரியாகவே இருந்தது என்று இன்றைக்கும் சாதிக்கிறார், இந்தக் கடிதத்தை அவருக்குக் காட்டினால் நமக்குள் உறவில்லை. அழைப்பு வாயால் சொல்லப்படவில்லை, வேறு விதமாகவும் சொல்லப்படவில்லை. ஆனால் உமது சித்தப்பா போன வெள்ளிக்கிழமை கப்பலால் வந்து இறங்கினார். தங்கச்சி மறுநாளே கூறை எடுக்க வண்டி ஏறினாள், சுன்னாகத்துக்குச் சொல் போய்விட்டது. சகோதரர் இருவரும் ஒரே விறாந்தையில் நாலு முழ இடைவெளியில் இருந்துகொண்டு, "சோமு, உவருக்குத் தேத்தண்ணி வேணுமோ கேள்," "சோமு, வேணும் எண்டு சொல்லு" என்று என்னைக் கொண்டே கதைக்கிறார்கள். எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

மேலே எழுதியதில் ஒரேயொரு சிறு பகுதி மெய். அந்த மூன்று நிமிஷமும் லைன் வெகு தெளிவாய் இருந்தது. இருவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஒருவரும் குழாயைக் கீழே வைக்கவுமில்லை.