அடைக்கலம் காரை எடுத்த கதை

பல்லை எவ்வளவு அழுத்தித் தேய்க்கிறோமோ அவ்வளவு சுத்தம் என்று பொன்னமராவதி முழுக்க ஒரு நம்பிக்கை உலவுகிறது. மிகுந்த விசனத்தோடு இதை மறுக்க வேண்டியிருக்கிறது. அழுத்தித் தேய்த்தால் பின்வாங்குவது அழுக்கு அல்ல, ஈறு. பல்லில் மாவாகப் படியும் அழுக்குக்கு மெத்தென்ற பிரஷ்ஷும் கொஞ்சம் பொறுமையும் போதும். அது இறுகிக் காரையாகிவிட்டால் டாக்டர்தான்.

ஹார்டுவேர் கடை அடைக்கலம் இதில் டாக்டரைத் தவிர எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். பல் டாக்டரின் சாய்வு நாற்காலிக்குப் பயந்து அவர் அந்தத் தெருவையே சுற்றிக்கொண்டு போவார். ஆகவே ஆன்லைனில் பல் சுரண்டும் நாலு கம்பிக் கொக்கிகள் வரவழைத்தார்.

"சுகுணா, இங்கிட்டு வா. இனிமே நம்ம வீட்டுல பல்லுக்கு டாக்டரே கெடையாது. காரைய நானே சுரண்டிருவேன்."

"கம்பிய விட்டு ஈறு கிழிஞ்சா?"

"துருப்பிடிச்ச போல்ட்டையே பளபளன்னு ஆக்குற கையி இது. ஒனக்கென்ன தெரியும்?"

"அதுவும் சரிதாங்க."

இருபது வருடக் குடித்தனத்தில் மனைவி இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டதே இல்லை. அடைக்கலம் பூரித்துப்போனார். பூரிப்பில், அவள் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனதைக் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. கொக்கிகளை வெந்நீரில் போட்டு, கண்ணாடி முன் வாயைப் பிளந்தார். வாசலில் வேன் வந்து நின்றது. விராலிமலையிலிருந்து மாமனார் வீட்டு வகையறா முழுசாக இறங்கியது.

"காரை எடுக்கிறீங்களாமே மச்சான். அக்கா சொல்லுச்சு," என்றான் மைத்துனன் திருமுருகன். "எங்க ஆத்தாவுக்கு மொதல்ல எடுங்க. வெத்தலைப் பல்லு."

மாப்பிள்ளை எதிரே தும்மக்கூடக் கூசுகிற மாமியார் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, வாயைத் திறந்தார். உள்ளே காரை செங்கல் சுவராக நின்றது.

அடைக்கலம் கொக்கியோடு குனிந்தார்; பாதியிலேயே நிமிர்ந்தார். மாமியார் வாயில் ஒரு சொட்டு ரத்தம் வந்தால், அப்புறம் விராலிமலைப் பக்கம் தலைகாட்ட முடியுமா?

"அத்தை, இதெல்லாம் வீட்டுல செய்யக்கூடாதுங்க. ஈறு கிழிஞ்சிரும். பல்லு கீறிப்போகும். காரைன்னா டாக்டர்தான்."

"நீங்களே சொல்லிட்டீங்கள்ல," என்றாள் சுகுணா. "டேய் திரு, வேனத் திருப்பு. புதுக்கோட்டை டாக்டர்கிட்ட எல்லாருக்கும் சொல்லி வச்சிருக்கேன்."

"போயிட்டு வாங்க. நான் கடையப் பாத்துக்கிறேன்."

"ஞாயித்துக்கிழமை ஏது மச்சான் கடை?"

மாமியார் வாயை மூடினார். யோசித்து மறுபடி திறந்தார். "மூத்த மாப்பிள்ளை இருக்கையில மத்தவுக முந்துறது நம்ம வகையறாவுல பழக்கமில்லையே."

மாமனார் வீட்டில் முதல் இலை, முதல் மாலை, எதையும் அடைக்கலம் விட்டுக்கொடுத்தவரல்ல. போன மாதக் காதுகுத்தில் சந்தனக் கிண்ணம் தன்னிடம் இரண்டாவதாக வந்ததென்று பாதிப் பந்தியில் எழுந்தவர்.

"வாங்க," என்று சுகுணா அவருடைய செருப்பை எடுத்துப் போட்டாள். "முன்சீட்டு ஒங்களுக்குத்தான்."

புதுக்கோட்டையில் டாக்டர் முதல் ஆளைக் கூப்பிட்டதும், மாமனார் வகையறா மொத்தமும் எழுந்து நின்று வழிவிட்டது.